தம்பியின் ஸ்டுடியோவில் அக்காவின் பணமும் பாட்டும்

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி பன்னிரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 39. வில்லுப்பாட்டு பாடுபவர். அப்பாவும் வில்லுப் புலவர். இறந்து ஏழு வருடம் ஆகிறது. அம்மா உடன் இருக்கிறார். ஒரே தம்பி, கீபோர்டு வாசிப்பவர். சென்னைக்குப் போய், இன்னும் மூன்று இசைக்கலைஞர்களோடு சேர்ந்து சாலிகிராமத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆரம்பித்தார். அதற்கு அக்கா இரண்டு தவணையாக ஆறு லட்சம் கொடுத்திருக்கிறார். இரண்டே முக்கால் வருடத்துக்கு முன்பு, வயலில் பாதியை விற்று, நான்கு லட்சம் தம்பியின் சொந்தக் கணக்கில் போட்டார். ஒன்றரை வருடத்துக்கு முன்பு நகையை அடகு வைத்து இரண்டு லட்சம். இது ஸ்டுடியோ பெயரில் இருக்கும் கரண்ட் அக்கவுண்டுக்குப் போனது. காகிதம் எதுவும் இல்லை. இருப்பது வாட்ஸாப்பில் தம்பி அனுப்பிய ஒரு குரல் பதிவு: “யக்கா, நீயும் இதுல ஒரு பங்குக்காரிதாம்லா, கவலப்படாத.” இரண்டு தீபாவளிக்கு ஐயாயிரம் ஐயாயிரமாக வந்தது. அதோடு சரி.

இடையில், தன் வில்லுக் குழுவோடு ரயிலேறிப் போய், அதே ஸ்டுடியோவில் மூன்று நாள் இருந்து, அப்பா எழுதி வைத்திருந்த சுடலைமாடன் கதையை முழுக்கப் பாடிப் பதிவு செய்திருக்கிறார். குழுவின் சம்பளமும் பயணச் செலவும் இவருடையது. ஸ்டுடியோ வாடகை மட்டும் வாங்கவில்லை, “நம்ம ஸ்டுடியோதானே” என்று. பதிவு ஸ்டுடியோவின் யூடியூப் சேனலில் ஏறி நன்றாகவே ஓடுகிறது. இப்போது ஒரு ஆடியோ கம்பெனி ஒன்றரை லட்சத்துக்கு மொத்தமாகக் கேட்கிறதாம். “எங்கள் ஸ்டுடியோவில் பதிவானது, எங்களுடையது” என்கிறார்கள் மற்ற பங்குதாரர்கள். அவர்களில் ஒருவர் ஆறு மாதத்துக்கு முன்பே விலகிவிட்டார். ஐந்து மாத வாடகை பாக்கி. இந்த நிலையில் வங்கிக் கடன் வாங்கப் போகிறோம், நீயும் பங்குதாரர் என்று பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு என்று தம்பி கேட்கிறார். பத்திரத்தின் தேதி, ஸ்டுடியோ ஆரம்பித்த நாள்!

அவருடைய கேள்விகள் நான்கு. பணம் திரும்ப வருமா? பாட்டு யாருடையது? கையெழுத்துப் போடலாமா? போலீஸில் புகார் கொடுத்தால் தம்பிக்கு என்ன ஆகும்?

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியை நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது, புகார் கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று. அதனால் அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். மோசடி என்று நிற்க வேண்டுமானால், பணம் வாங்கிய அன்றே திருப்பித் தரக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். உங்கள் தம்பி ஸ்டுடியோ கட்டுகிறேன் என்றார், கட்டினார், ஓடவில்லை. இது நஷ்டம், குற்றம் இல்லை. காவல் நிலையத்தில் மனு ஏற்பு ரசீது ஒன்று கிடைக்கும். அப்புறம் பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரமாட்டார்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் ஒரு வரிதான். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

கடன் கொடுத்தவரா, பங்காளியா?

நம் பேச்சில் பங்காளி என்றால் சொந்தக்காரன், பங்குதாரர் இரண்டும்தான். உங்கள் கடிதத்திலும் இரண்டும் கலந்து கிடக்கிறது. “பணம் போட்டேன், அதனால் நான் பங்குதாரர்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, ஒரு தொழிலை எல்லோருக்காகவும் சேர்ந்து நடத்தி, லாபத்தைப் பகிர்ந்துகொள்வது என்று ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் பணம் கொடுத்தது, லாபத்தில் கொஞ்சம் வந்தது என்பது மட்டுமே ஒருவரைப் பங்குதாரர் ஆக்கிவிடாது; அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தீபாவளிக்கு வந்த ஐயாயிரத்தை லாபப் பங்கு என்றும் சொல்லலாம், வட்டி என்றும் சொல்லலாம், அக்காவுக்குச் சேலைக்காசு என்றும் சொல்லலாம்.

ஆக உங்கள் நிலை இன்னும் முடிவாகாமல்தான் இருக்கிறது. நீங்கள் இதைக் குறையாக நினைக்கிறீர்கள். எனக்கு இது அதிர்ஷ்டமாகத் தோன்றுகிறது. எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க இன்னும் இடம் இருக்கிறது அல்லவா?

பங்குதாரர் என்று நின்றால் என்ன கிடைக்கும்? ஸ்டுடியோ பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு கட்டாயம் இல்லைதான். ஆனால் பதிவில்லாத நிறுவனத்தின் பங்குதாரர், ஒப்பந்தத்தின்படி தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு நிறுவனத்தின் மீதோ மற்ற பங்குதாரர்கள் மீதோ வழக்குப் போட 69ஆவது பிரிவு விடாது. நிறுவனத்தைக் கலை, கணக்கைக் காட்டு என்று மட்டும் கேட்கலாம். கலைத்தால் என்ன மிஞ்சும்? அதையும் யோசித்துப் பாருங்கள். ஸ்டுடியோவில் போட்ட பணத்தில் பெரும்பகுதி சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போய்விடும். ராக்வூல் (பாறைப் பஞ்சு) அடைத்த இரட்டைச் சுவர், காற்றுப் புகாத இரட்டைக் கதவு, அதிர்வு கடத்தாத மிதக்கும் தரை, இதெல்லாம் காலி செய்யும்போது கட்டட உரிமையாளருக்கு இடிபாடு, உங்களுக்குப் பூஜ்யம். (சுவரில் பஞ்சு ஒட்டியதால்தான் வெளிச்சத்தம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பஞ்சு அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தத்தைத் தடுப்பது சுவரின் கனமும் இடுக்கில்லாத கதவும். நான் இரண்டு ஸ்டுடியோ வழக்கு நடத்திக் கற்றுக்கொண்டது இது.) கம்ப்யூட்டரும், மைக்கை அதோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்கிய வருடமே விலை இறங்கிவிடும். நல்ல கண்டென்சர் மைக், மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இவற்றுக்குத்தான் பழைய சாமான் சந்தையில் கொஞ்சம் மதிப்பு. அதையும் ஐந்து மாத வாடகை பாக்கி முதலில் சாப்பிடும்.

பங்குதாரருக்குக் கடனிலும் பங்கு உண்டு, அதுவும் முழுப் பங்கு. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் மொத்தத்துக்கும் பொறுப்பு என்கிறது 25ஆவது பிரிவு. இப்போது இருக்கும் மூவரோடு நீங்களும் சேர்ந்தால் நான்கு பேர்; அதில் மூன்று பேரிடம் ஒன்றும் இல்லை என்றால், வங்கி நான்காவது ஆளிடம் வரும். அந்த நான்கு பேரில் பெயரில் நிலமும் வீடும் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. வங்கிக்கு உங்கள் கையெழுத்து ஏன் வேண்டியிருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

பத்திரத்தின் முன்தேதி இன்னும் மோசம். புதிதாகச் சேரும் பங்குதாரர், தான் சேர்வதற்கு முந்தைய கடன்களுக்குப் பொறுப்பாக மாட்டார் என்று சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஆரம்ப நாள் தேதி போட்டுக் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே அவிழ்த்து எறிகிறீர்கள். இன்று எழுதும் பத்திரத்தில் அன்றைய தேதியைப் போடுவது வங்கியிடம் பொய் ஆவணம் காட்டுவதும் ஆகும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கும் நல்லது இல்லை.

கடன் கொடுத்தவர் என்று நின்றால் கதையே வேறு. 69ஆவது பிரிவின் தடை பங்குதாரருக்குத்தான், வெளியாளுக்கு இல்லை. பதிவில்லாத நிறுவனத்தின் மீது கடன் கொடுத்தவர் தாராளமாக வழக்குப் போடலாம். நான்கு லட்சம் தம்பியின் சொந்தக் கணக்குக்குப் போனதால் அது தம்பியின் கடன். இரண்டு லட்சம் ஸ்டுடியோ கணக்குக்குப் போனதால் அது நிறுவனத்தின் கடன். அதற்கு எல்லாப் பங்குதாரர்களும் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு முன்பு விலகியவரும்தான், ஏனென்றால் பணம் வந்தபோது அவர் உள்ளே இருந்தார். விலகினால் பழைய கடன் விலகாது.

என் கருத்தைக் கேட்டால், பங்குதாரர் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். திறப்பு விழா அழைப்பிதழில் உங்கள் படத்தைப் போட்டு ‘பங்குதாரர்’ என்று அச்சடித்ததை எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்! எனக்கு அந்த அழைப்பிதழ்தான் பயம். அதைப் பார்த்து, நம்பி, யாராவது ஸ்டுடியோவுக்குக் கடன் கொடுத்திருந்தால், நீங்கள் உண்மையில் பங்குதாரர் இல்லை என்றாலும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ஸ்டுடியோவின் பக்கங்களில் அந்தப் படம் இன்னும் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று மாதம்தான் இருக்கிறது

இதுதான் இந்தக் கடிதத்தில் அவசரமான விஷயம், நீங்கள் ஒரு வரிகூட எழுதாத விஷயமும் இதுதான். கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலக்கெடு. “எப்போது கேட்டாலும் தருகிறேன்” என்று சொல்லி வாங்கியிருந்தாலும், நீங்கள் கேட்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. கொடுத்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பலர் ஏமாறும் இடம் இது. உங்கள் நான்கு லட்சத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

இதற்காக நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. கெடு முடிவதற்குள் தம்பி, “அக்காவிடம் நான் வாங்கிய நான்கு லட்சம் பாக்கி உண்டு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். அதைவிட நல்லது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு). ஸ்டுடியோவின் இரண்டு லட்சத்துக்கு இப்போதைய பங்குதாரர்கள் மூவரும் சேர்ந்து தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. ஆனாலும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது.

தம்பியிடம் புரோநோட்டு கேட்பதா என்று நீங்கள் கூசுவீர்கள். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று நம்மூர்ப் பெட்டிக்கடையெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறது. என் அனுபவத்தில் கடன் முறித்த உறவைவிட, கடனா பங்கா அன்பளிப்பா என்று பேசாமல் விட்டதால் முறிந்த உறவுகள்தான் அதிகம். கோவில் கொடைக்கு (திருவிழாவுக்கு) நாள் குறித்து அட்வான்ஸ் வாங்கும்போது எத்தனை பேர், எத்தனை ராத்திரி, எவ்வளவு தொகை என்று பேசி முடிக்காமல் நீங்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு போவீர்களா? கோவிலுக்கு வரி கொடுக்கும் ஊர்க்காரர் அத்தனை பேரும் சொந்தக்காரர்களாக இருந்தாலும் பேசித்தானே போவீர்கள்?

தம்பி மறுத்தால், கெடுவுக்கு முன்பாகவே வழக்குத் தாக்கலாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று உங்கள் மைத்துனர் சொன்னது தவறு. நிற்காது.

ஆதாரம் இல்லை என்று கலங்காதீர்கள். இரண்டு தொகையும் வங்கி வழியாகப் போயிருக்கிறது. பாஸ்புக்கே பாதி ஆதாரம். அந்தக் குரல் பதிவும் ஆதாரமாகும். அதற்கு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் ஒன்று தர வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் போனை மாற்றாமல், விற்காமல், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் வைத்திருப்பதுதான். ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பதிவில் அவர் “பங்குக்காரி” என்றுதான் சொல்கிறார். எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள் என்று நான் இத்தனை வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

பாட்டு யாருடையது?

நீங்கள் “பாடினவளுக்குத்தானே பாட்டு” என்கிறீர்கள். அவர்கள் “பதிவு செய்த இடத்துக்குத்தான்” என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி. ஒரு ஒலிப்பதிவுக்குள் மூன்று உரிமைகள் அடுக்காக இருக்கின்றன.

முதலாவது, பதிவின் உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவின் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர் என்கிறது. தயாரிப்பாளர் என்றால் முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து அதை உருவாக்கியவர். மைக் யாருடையது, சுவர் யாருடையது என்பது கணக்கில் இல்லை. வாடகை கொடுத்து ஒருவர் ஸ்டுடியோவில் பாடினால் ஸ்டுடியோ தயாரிப்பாளர் ஆகாது. உங்கள் விஷயத்தில் குழுவுக்குச் சம்பளம் கொடுத்து அழைத்துப் போனது நீங்கள். மூன்று நாள் அறையையும் இன்ஜினீயரையும் சும்மா கொடுத்து, மிக்ஸிங் மாஸ்டரிங் முடித்து வெளியிட்டது அவர்கள். நீதிபதி எந்தப் பக்கமும் சாயலாம். அவர்கள் சொல்வது அடியோடு தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, நிகழ்த்துபவர் உரிமை. உங்கள் பலம் இங்கேதான். பாடுபவர், வாசிப்பவர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் இந்த உரிமையை அந்தச் சட்டம் கொடுக்கிறது. (பாம்பாட்டி என்பது என் கற்பனை இல்லை. சட்டத்திலேயே இருக்கிறது.) நிகழ்த்திய வருடம் முடிந்ததிலிருந்து 50 வருடத்துக்கு, உங்கள் நிகழ்ச்சிப் பதிவைப் பிரதி எடுக்க, விற்க, பொதுமக்களுக்குக் கொண்டுபோக உங்கள் சம்மதம் வேண்டும். 2012இல் வந்த திருத்தம் இதை உறுதிப்படுத்தி, வியாபாரப் பயன்பாட்டில் ராயல்டியும் சேர்த்தது. பதிவின் உரிமை அவர்களுக்கே என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை அந்த ஆடியோ கம்பெனியால் நிம்மதியாக அதை வாங்க முடியாது. வங்கி லாக்கர் மாதிரி, இரண்டு சாவியும் போட்டால்தான் திறக்கும்.

ஆனால் இந்த உரிமை உங்களுக்கு மட்டும் இல்லை. குடம் அடித்தவருக்கும், உடுக்கை வாசித்தவருக்கும், பின்பாட்டுப் பாடி ஜால்ரா தட்டியவருக்கும் உண்டு. சம்பளம் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடைக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். பதிவை விற்கும் உரிமையை அவர்களிடம் எழுதி வாங்கவில்லை. தம்பி உங்களிடம் காகிதம் எழுதாதது போலவே நீங்களும் அவர்களிடம் எழுதவில்லை. கேசட் காலத்தில் நம் பக்கத்து வில்லுப் பாட்டுக்காரர்கள் பலர், கையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அத்தோடு மறந்துபோனார்கள். குடக்காரர்களுக்கு அதுவும் முழுசாய் வந்து சேர்ந்ததா தெரியாது. நீங்கள் பேசும்போது அவர்களுக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

மூன்றாவது, கதையும் வரியும். சுடலைமாடன் கதை யாருக்கும் சொந்தமில்லை. மாடன் கோவில் இருக்கும் எல்லா ஊருக்கும் சொந்தம். ஆனால் அப்பா தன் சொற்களில் கட்டி, நோட்டில் எழுதி வைத்த பாடல் வரிகள் அப்பாவின் படைப்பு. அவர் இறந்த வருடத்துக்குப் பிறகு 60 வருடம் அந்த உரிமை வாரிசுகளுக்கு. “அப்பா எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தார், அதனால் எனக்குத்தான்” என்கிறீர்கள். உயில் இல்லை என்றால் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. இது உங்களுக்குக் கசக்கலாம். ஆனால் திருப்பிப் பாருங்கள். அந்த மேஜையில் தம்பி ஸ்டுடியோ பங்குதாரராக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, உங்கள் பக்கத்து வாரிசாகவும் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவின் வரிகளை அவர் தனியாக விற்றுவிட முடியாது, நீங்களும் முடியாது. அக்காவும் தம்பியும் சேர்ந்து மற்ற இருவரிடமும் கம்பெனியிடமும் பேச வேண்டிய விஷயம் இது. தம்பியோடு சண்டை போடும் விஷயமாக இதை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று நான் நினைக்கிறேன்.

நோட்டைத் தனக்குத்தானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் உரிமை உறுதியாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எழுதிய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது; பதிவு கட்டாயமில்லை. வேண்டுமானால் பாடல் வரிகளைப் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதியலாம். ஒலிப்பதிவை இப்போது பதியப் போகாதீர்கள். யார் தயாரிப்பாளர் என்ற சண்டை அங்கேயே தொடங்கும்.

வீடியோவில் ஸ்டுடியோ பெயர் பெரிதாக இருக்கிறது, அப்பா பெயர் இல்லை என்ற வருத்தத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதியவர் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு, பாடியவர் பெயருக்கு உங்களுக்கே உண்டு. பணம் செலவாகாமல், ஒரே நாளில், தம்பி ஒரு போன் போட்டுச் சரி செய்யக்கூடியது இது. பேச்சுவார்த்தையை இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கம்பெனி கேட்கும் காகிதம்

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். “எல்லா உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்று இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு இது அதிகம். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கம்பெனிகள் ‘நிரந்தரம்’, ‘உலகம்’ இரண்டையும் விடாமல் எழுதுகின்றன. நீங்கள் ஐந்து வருட உரிமம் மட்டும் தருகிறோம், ஒன்றரை லட்சம் முன்பணம், மேலே வருமானத்தில் பங்கு, அப்பா பெயர் கட்டாயம் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் போகட்டும். நன்றாக ஓடும் பதிவு எங்கேயும் போய்விடாது.

யூடியூபில் புகார் கொடுத்து வீடியோவை இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க முடியும். இப்போது வேண்டாம். வீடியோ ஓடுவதால்தான் கம்பெனி தேடி வந்தது. சேனலுக்கு இதுவரை வந்த வருமானக் கணக்கைக் கேளுங்கள். அந்தச் சேனல் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்றும் கேளுங்கள். விலகிப் போனவருடையதில் இருந்தால் அது தனித் தலைவலி.

எங்கிருந்து தொடங்குவது

நோட்டீஸ், வழக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள். ஐந்து மாத வாடகை பாக்கி வைத்த இடத்தை உரிமையாளர் எந்த நாளும் பூட்டலாம். சட்டப்படி பூட்டக்கூடாதுதான், ஆனால் பூட்டிய பிறகு திறக்க மாதக்கணக்காகும். உங்கள் பாட்டின் மூலப் பதிவு, குடம் தனியாக, உடுக்கை தனியாக, குரல் தனியாக ட்ராக் பிரித்தது, அந்த அறையில் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அது ஒரே பிரதியாக இருக்கவும் கூடும். புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு போய், “அப்பா பாட்டு, வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்” என்று தம்பியிடம் கேளுங்கள். அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எம்பி3 போதாது, முழு ப்ராஜக்ட் ஃபைல் என்று சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸ் போன பிறகு கேட்டால் கிடைக்காது.

அதே பயணத்தில் புரோநோட்டையும் பேசிவிடுங்கள்.

பேச்சு முறிந்தால் எங்கே வழக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணத்துக்கான வழக்கு பெரும்பாலும் எதிராளி இருக்கும் சென்னையில்தான். பாட்டு உரிமைக்கு மட்டும், உரிமை கோருபவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு வழி விட்டிருக்கிறது. அதாவது அவர்கள் நெல்லைக்கு வர வேண்டும். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறு என்றால், அவசரத் தடை உத்தரவு கேட்காதபட்சத்தில், வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். அது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக நடக்கும். அந்தப் பேச்சில் கழியும் நாட்கள் காலக்கெடுவில் சேராது.

வக்கீல் செலவுக்கு மிச்ச வயலையும் விற்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, மனு ஒன்று எழுதிக் கொடுத்தால் போதும்.

கடைசிப் பக்கத்தில், “முதலாளி நடத்தும் ஸ்டுடியோ என்றால் யோசித்திருப்பேன், இசைக்காரர்களே சேர்ந்து நடத்துவது என்பதால் நம்பினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பியதில் தப்பில்லை. 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஸ்டுடியோ கட்டிய பிறகு, சொந்தமாக ஒரு ஸ்டுடியோ என்பது சென்னைக்குப் போகும் ஒவ்வொரு இசைக்காரரின் ஆசையும்தான். ஆனால் அது ஒருவருடைய ஸ்டுடியோ. நான்கு பேர் சேரும்போது யார் எந்த மைக் வாங்குவது என்று மூன்று நாள் வாதாடுகிறார்கள். கணக்கு நோட்டு யார் எழுதுவது என்று யாரும் கேட்பதில்லை. இப்போது பாடகர்கள் பலர் தங்கள் அறையிலேயே மடிக்கணினி வைத்துக் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறார்கள். வாடகைக்கு இடம் பிடித்த ஸ்டுடியோக்கள் டப்பிங், விளம்பரம் என்று ஓடி ஓடித்தான் தாக்குப்பிடிக்கின்றன. உங்கள் தம்பி உங்களை ஏமாற்றவில்லை, மூச்சுத் திணறுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஸ்டுடியோவைத் தொடர்ந்து நடத்துவதாக இருந்தால், அவர்கள் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்எல்பியாக (பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மையாக) பதிந்துகொள்ளட்டும். நிறுவனத்தின் கடன் அவரவர் வீட்டுக்கு வருவது பெருமளவு குறையும். நீங்கள் அதில் சேர வேண்டியதில்லை.

என்னைப் பார்க்க வரும்போது பாஸ்புக், நகை அடகு ரசீது, அழைப்பிதழ், அப்பாவின் நோட்டு இவற்றை எடுத்து வாருங்கள். நோட்டைக் கொண்டுவரும் முன் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.